விடியப்புறக் குளிசை

“…அப்ப காத்தைக் குடிச்சோ இவள் இப்பிடி ஊதிப்போய் நிக்கிறாள்? பகலில ஒரு பிடி சோறு எண்டுறாள், இரவில பாண் துண்டு எண்டுறாள். நண்டு கொழுத்தால் வளையில நில்லாது எண்டு பழைய ஆக்கள் சும்மாவோ சொன்னவை?”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இப்படிச் சொன்னவர் என் கணவரின் மூத்த அக்கா, எங்கள் பெரிய மச்சாள். கேட்டுக்கொண்டு நின்றவள் பக்கத்து வீட்டு லில்லி. வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற நண்டு நான்.

கோபம் வரவில்லை. யார் ஒரு சொலவடையை இடம் பார்த்துப் போட்டாலும் எனக்கு அதை ரசிக்கத்தான் தோன்றும், அது என் தலையில் விழுந்தாலும். சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க மூச்சு இல்லை. இரண்டு சீலையைக் கொடியில் போட்டதற்கே கிணற்றுக் கட்டில் குந்தவேண்டியிருந்தது.

சுகமான பிறகு இதை எழுதுகிறேன். எங்கள் தீவுகளில் எத்தனையோ பெண்கள் “களவாய்த் தின்னுறாள்” என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு பட்டினி கிடக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது இதைப் படித்துவிட்டு டொக்டரிடம் போனால் எழுதிய பலன் கிடைத்துவிடும்.

ஊர்காவற்றுறைத் தீவின் கரையோரம் எங்கள் ஊர். சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, நேவி இரவுக் கடலுக்கு மறுபடி ஆட்களை விட்ட காலம். என் கணவர் பொழுதுபட வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனால் விடிந்துதான் வருவார். பெரிய மச்சாள் ஒரே வளவில் அடுத்த வீட்டில் இருந்தார். அவருடைய கணவர் நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே கடலோடு போனவர். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புருசன் இரவுக் கடலில் நிற்கும்போது வீட்டுப் பெண் நடுச்சாமத்துக்குப் பிறகு வாயில் ஒன்றும் வைக்கமாட்டாள், தண்ணீர்கூட. விடியற்பூசைக்குப் போய் வெறும் வயிற்றில் நன்மை வாங்குவாள். நற்கருணையைத்தான் நாங்கள் நன்மை என்போம். பிறகு நேரே கரைக்குப் போய் நிற்பாள். வள்ளம் வந்து மணலில் முட்டியதும், கரையிலேயே கேத்திலில் இருந்து தேத்தண்ணி ஊற்றி எல்லாரும் சேர்ந்து குடிப்பார்கள். அதுதான் அன்றைக்கு அவள் நாக்கில் படும் முதல் ஈரம். யார் வைத்த சட்டம் என்று எவருக்கும் தெரியாது. எந்தச் சுவாமியாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. ஆனால் நான் கலியாணம் முடித்து வந்த அடுத்த நாளே பெரிய மச்சாள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“உன்ர வாய் நனையாத மட்டும் அவன்ர தலை நனையாது, பிள்ளை.”

வள்ளமே இல்லாத மச்சாளும் தன் தம்பிக்காக அப்படியே இருந்தார். நானும் இருந்தேன். என் கணவரும் ஒவ்வொரு காலையும் வந்து சேர்ந்தார். பிறகு நம்பாமல் இருக்க ஏலுமா?

இந்த நோய், எங்கள் பேச்சில் வருத்தம், முதலில் குளிராக வந்தது. சித்திரை வெயிலில் ஊரே விசிறியோடு திரிய, நான் பெட்ஷீற்றைப் போர்த்திக்கொண்டு இருந்தேன். பிறகு நித்திரை. அடுப்படியில் தேங்காய் திருவியபடியே கண் மூடிவிடும். தலைமயிர் சீப்போடு வந்தது. கண்மடல் வீங்கியது. குரல் தடித்தது. தபசு காலத்தில் கர்த்தரின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாட முன்வரிசையில் நிற்பவள் நான்; அடுத்த வருசத் தபசில் வாய் திறந்ததும் முன்னால் நின்ற பிள்ளைகள் ஆண் குரல் எங்கேயிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக உடம்பு. தபசில் ஊரே ஒறுத்தல் விரதம் இருந்து மெலிய, நான் மட்டும் பெருத்தேன். பெருக்கப் பெருக்க இன்னும் குறைத்துச் சாப்பிட்டேன். கடைசியில் இரவுச் சாப்பாட்டையே விட்டேன். பெரிய வெள்ளிக்கு முதல் கிழமை, வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில், மணலில் விழுந்தேன்.

மச்சாள்தான் என்னைப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பஸ் அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலத்துக்கு முன் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கியது. சென்ரிக்கு நின்ற சிங்களப் பெடியன் என் அடையாள அட்டையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான்.

“இது யாரு? தங்கச்சியா?”

“நான்தான்” என்றேன், அந்தத் தடித்த குரலில். அவன் முகம் இன்னும் மாறிவிட்டது. அந்த நாளையில் அட்டையும் முகமும் ஒத்துவராவிட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.  மச்சாள் ஒரு அடி முன்னுக்கு வந்தார்.

“ஐயா, அவதான் இவ. வருத்தம். காத்தடிச்ச டியூப் மாதிரி வீங்கிப்போனா. வேணுமெண்டால் ஊசியால குத்திப் பாருங்கோ, காத்துப் போகும்.”

அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. சிரித்துவிட்டு அட்டையைத் தந்தான். பஸ்ஸில் ஏறி, பாலம் தாண்டிய பிறகுதான் மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்த பிடியை விட்டார்.

பெண்கள் வாட்டில் கட்டில் கிடைக்கும் மட்டும் ஒரு நாள் பாயில் கிடந்தேன். இரத்தம் எடுத்தார்கள். இந்தச் சோதனைக்கு அப்போது இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பவேண்டும். பதில் வரக் காத்திருக்கவேண்டும். காத்திருப்பதுதான் ஆஸ்பத்திரியின் பெரிய மருந்து என்று அங்கே ஒரு அற்றெண்டன் சொல்வார். சோதனைச் செலவைப் பற்றி என் கணவர் கேட்டபோது “அது குடுத்தாச்சு” என்று மட்டும் சொன்னார் மச்சாள். அவருடைய காதில் தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது. நான் பார்த்ததை அவர் கண்டு, சீலைத்தலைப்பைக் காதுக்கு மேலே இழுத்துவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் நயினாதீவுப் பிள்ளை ஒருத்தி, பரமேஸ்வரி. எலும்பும் தோலும். கண் இரண்டும் முன்னுக்குத் தள்ளி, கை எந்நேரமும் நடுங்கியபடி. வேர்த்துக் கொட்டும். அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தையே, “அக்கா, உங்கட சோத்துப் பார்சல்ல மிச்சம் இருக்கோ?”

“எடுத்துத் தின் பிள்ளை. எனக்குப் பசிக்கிறேல்ல.”

“எனக்குத் தின்னத் தின்னப் பசிக்குது. தின்னத் தின்ன மெலியுறன். பேய் தின்னுதெண்டு அம்மா நூலும் கட்டிப்போட்டா.”

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தின்னாமல் பெருத்தவளும், தின்று மெலிந்தவளும். “மேல இருக்கிறவர் ரண்டு பேற்ற ஓடரையும் மாத்திக் குடுத்திட்டார்போல” என்றேன். அவள் சிரித்து, இருமி, என் கத்தரிக்காய்க் கறியையும் முடித்துவிட்டாள்.

பதில் வந்ததும் டொக்டர் எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கதிரையைப் போட்டு இருந்து விளங்கப்படுத்தினார். அமைதியான பொம்பிளை. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி செட்டை விரித்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. தைரொயிட். அது இரத்தத்தில் விடும் சாறுதான் ஹோர்மோன். தின்றதை என்ன வேகத்தில் எரிப்பது, உடம்பை எவ்வளவு சூடாக வைப்பது, நெஞ்சு எவ்வளவு கெதியாக அடிப்பது என்று உத்தரவு போடுவது அதுதான். அந்த எரிப்பு வேலைக்கெல்லாம் சேர்த்துப் படித்தவர்கள் வளர்சிதைமாற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பரமேஸ்வரிக்கு அந்தச் சாறு கூடிவிட்டது. எனக்கு வற்றிவிட்டது.

என் கணவரும் அன்றைக்கு வந்திருந்தார். யோசித்துவிட்டுக் கேட்டார். “அப்ப டொக்டர், எஞ்சின் பழுதில்லை. இந்தப் பிள்ளைக்கு வேகம் கூட்டுற பிடி முழுக்கத் திறந்துபோய் நிக்குது. இவவுக்கு இறுகிப்போச்சு. அப்பிடியோ?”

“அப்பிடியேதான்.”

“அப்ப சாப்பாட்டைக் குறைச்சா மெலியும்தானே?” என்றார் மச்சாள்.

“உடம்பு கெட்டிக்காரன், அம்மா. வரத்துக் குறைஞ்சால் அது செலவையும் குறைச்சுப்போடும். இவவுக்கு ஏற்கெனவே செலவு குறைவு. பட்டினி கிடக்கக் கிடக்க இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதோட, இந்த ஊதல் முழுக்கக் கொழுப்பில்லை. கனக்க நீர்தான். பாவம், இவ ஒண்டும் களவாய்த் தின்னேல்ல.”

களவு என்ற சொல்லை டொக்டர் எங்கே பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.  டொக்டர் போனதும் மச்சாள் நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்து, வெடித்துக் கிடந்த என் பாதத்தை மடியில் எடுத்துவைத்துப் பூசத் தொடங்கினார். எனக்குக் கூச்சமாக இருந்தது. காலை இழுத்தேன். “சும்மா கிட” என்று அதட்டினார்.

எனக்குத் தந்த மாத்திரை ஒரு சின்ன வெள்ளைக் குளிசை. வற்றின சாறுக்குப் பதில் வெளியிலிருந்து கொடுப்பது. சாகும்வரை குடிக்கவேண்டும். “விருந்தும் மருந்தும் மூண்டு நாளைக்கு எண்டுவினம்” என்று மச்சாள் பெருமூச்சு விட்டார். இரத்தமும் குறைவு என்று சிவப்பு இரும்புக் குளிசையும் தந்தார்கள். வாட்டில் ஒவ்வொரு நாளும் விடியத் தாதி மிஸ்ஸி வந்து வெள்ளைக் குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் தருவார். அங்கே பூசையும் இல்லை. நான் வாட்டில் கிடந்த மட்டும் என் கணவர் கடலுக்குப் போகவும் இல்லை. கிழமைகள் போக, குளிர் விட்டது. கண்மடல் வற்றியது. வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன்; அவர் கடலுக்கு இறங்கினார்; நான் பழையபடி ஊதினேன்.

கிளினிக்குக்குப் போனால் குளிசையைக் கூட்டினார்கள். அடுத்த முறையும் கூட்டினார்கள். கிழமைக்கு ஒருக்கால் நிறை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் தராசு இருப்பது மீன் சங்கத்தில் மட்டும்தான். பெரிய திருக்கையைத் தூக்கும் கொளுக்கித் தராசில் கயிற்று ஊஞ்சல் கட்டி என்னை இருத்துவார் என் கணவர். ஒரு நாள் யாவாரி ஒருவர், “சம்மாட்டியார், இந்தத் திருக்கை என்ன விலை?” என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை. முள்ளு நகர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு ஆட்கள் எல்லாரும் போன பிறகுதான் என்னைத் தராசுக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

மாரி தொடங்க எனக்குப் படுத்தால் மூச்சு இல்லை. திரும்பவும் பெரியாஸ்பத்திரி. படம் எடுத்துப் பார்த்து, இதயத்தைச் சுற்றித் தண்ணீர் கட்டியிருக்கிறது என்றார்கள். அந்தச் சாறு இல்லாமல் நெஞ்சு களைத்துப்போய் நிற்கிறது, இப்படியே விட்டால் ஒரு நாள் நின்றுவிடும் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

“குளிசை குடிக்கிறனீங்களோ?”

“கர்த்தர் அறியக் குடிக்கிறன், டொக்டர்.”

“அவ குடிக்கிறவ. நான் கண்ணால கண்டனான்” என்றார் மச்சாள்.

வாட்டில் மறுபடி விடியக் குளிசை. மறுபடி சுகம் வரத் தொடங்கியது. “ஆஸ்பத்திரிக் கட்டிலின்ர ராசி” என்றார் மச்சாள். டொக்டருக்கு அந்த ராசியில் நம்பிக்கை இல்லை. வீட்டுக்கு விடும் நாளில் எங்களை இருத்திக் கேட்டார்: “வீட்டில கண் முழிச்சதில இருந்து என்ன என்ன செய்யிறனீங்கள்? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ.”

சொன்னேன். எழும்புவேன், முகம் கழுவுவேன், பூசை, கரை. வள்ளம் வரும். பால் தேத்தண்ணி ஊற்றுவேன். அதோடு இரண்டு குளிசையும், வெள்ளையும் சிவப்பும், ஒரே மிடறில்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். “அம்மா, நீங்கள் குளிசையைக் குடிக்கேல்ல. தேத்தண்ணிக்குக் குடுத்திருக்கிறியள். பாலும் தேயிலையும் இரும்பும் சேர்ந்து வயித்துக்குள்ளயே அதைப் பிடிச்சு வச்சுக்கொள்ளும். இரத்தத்துக்குப் போகவிடாது. விடிய எழும்பின உடன, வெறும் தண்ணியோட குடிக்கவேணும். தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் பிந்தி. சிவப்புக் குளிசை பின்னேரம்.”

“ஏலாது, டொக்டர்” என்றேன்.

“ஏன்?”

“வள்ளம் வர முந்தி வாய் நனையப்படாது.”

டொக்டர் இந்துப் பிள்ளை, கடற்கரை ஆளும் இல்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நான் கெஞ்சினேன்: “வள்ளம் வந்தாப் பிறகு வெறும் தண்ணியோட குடிக்கட்டோ? தேத்தண்ணியைப் பிந்திக் குடிக்கிறன்.”

“வள்ளம் எத்தினை மணிக்கு வரும்?”

“அதைக் கடலைத்தான் கேக்கவேணும்.”

“அப்ப ஒரு நாள் விடிய, ஒரு நாள் மத்தியானம். வராத நாளில குளிசையும் இல்லை. உங்கட நெஞ்சு இப்ப இருக்கிற நிலைக்கு அந்த விளையாட்டுச் சரிவராது.”

திரும்பும் வழி முழுக்க எனக்கு ஒரே கணக்குத்தான்.  குளிசையைக் குடித்தால் அவர் தலை நனையும். குடிக்காவிட்டால் என் நெஞ்சு நிற்கும். பஸ் பாலத்தில் போக இரண்டு பக்கமும் கடல் சாதுவாகக் கிடந்தது.

கோயிலடியில் இறங்கியதும் மச்சாள் நேரே சுவாமியின் அறைவீட்டுக்கு நடந்தார். சுவாமி இளம் ஆள், வாசல்படியில் குந்தி சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“சுவாமி, நன்மை வாங்க முந்திக் குளிசை போட்டுத் தண்ணி குடிச்சா குற்றமோ?”

“இல்லை அம்மா. தண்ணியும் மருந்தும் எப்பவும் குடிக்கலாம். சாப்பாட்டைத்தான் ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி நிப்பாட்டவேணும்.”

“இது எப்ப மாத்தின சட்டம்?”

“நான் பிறக்க முந்தி.”

“நீங்கள் பிறக்க முந்தியோ?” மச்சாள் படியில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தார். “என்ர மனிசன் போகேக்க நீங்கள் பள்ளிக்கூடம் போற பெடியனாய் இருந்திருப்பியள். அப்ப சட்டம் மாறித்தான் இருந்திருக்கு.”

சுவாமி எண்ணெய்க் கையோடு எழும்பி நின்றார்.

“எனக்கு அண்டைக்குக் காய்ச்சல், சுவாமி. விடியக் கொத்தமல்லி அவிச்சு ஒரு மிடறு குடிச்சனான். சீனிகூடப் போடேல்ல. குடிச்சுப்போட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல், பூசைக்குப் போய் நன்மை வாங்கினனான். பிறகு கரைக்குப் போனன். மற்ற எல்லா வள்ளமும் வந்தது.”

இந்த வீட்டில் இத்தனை காலம் இருந்தும் நான் கேட்காத கதை.

“அண்டைக்குக் கடல்ல காத்து, அம்மா” என்றார் சுவாமி மெதுவாக. “ஊரில சொல்லக் கேட்டிருக்கிறன். பெருங்காத்து.”

“ஓம். எல்லாரும் காத்து எண்டுதான் சொன்னவை” என்று சொல்லிவிட்டு மச்சாள் எழும்பி, சீலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

என் கணவருக்கு விசயத்தைச் சொன்னேன். “என்ர உசிரை உம்மட நாக்கிலயோ கட்டி வச்சிருக்கு? நீர் குடியும்” என்றார். ஆனால் வள்ளம் தள்ளும் முன் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய புனிதர் சுருவத்தைத் தொட்டு முத்தமிட்டார். எப்போதும் செய்வதுதான். அன்றைக்கு எனக்கு அது கண்ணில் குத்தியது.

இன்றைக்கு என் நெஞ்சில் தண்ணீர் இல்லை. குரல் திரும்பிவிட்டது. வீக்கம் வற்றியது, ஆனால் கலியாணப் படத்தில் நிற்கும் கொடியிடையாளாக நான் மாறிவிடவில்லை. நீர் போனது, சதை கொஞ்சம் தங்கிவிட்டது. குளிசை மெலியவைக்கும் மருந்து இல்லை, பிடியைத் திறந்துவிடும் மருந்து மட்டும்தான் என்பதை லில்லிக்கு இன்னும் விளங்கப்படுத்த முடியவில்லை. “எனக்கும் ஒண்டு தாவன்” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கொடுக்கமாட்டேன். ஒருத்தியின் மருந்து மற்றவளுக்கு நஞ்சு. பரமேஸ்வரியின் கண்ணையும் நடுக்கத்தையும் பார்த்தவள் நான்.

இவ்வளவும் பிறகு வந்தவை. சுவாமியைக் கண்ட அடுத்த நாள் விடிய நான் கட்டிலில் குந்திக்கொண்டிருந்தேன். குளிசை உள்ளங்கையில். வெளியே வாடைக்காற்று ஓலையை உலுப்பியது. அவர் கடலில். கோயிலில் முதல் மணி அடித்தது. நான் குளிசையைத் திரும்பப் போத்தலுக்குள் போடப் போனேன்.

பெரிய மச்சாள் உள்ளே வந்தார். பூசைக்கு உடுத்த வெள்ளைச் சீலை. கையில் ஒரு பேணி தண்ணீர்.

“ஆவெண்டு வாயைத் திற.”

“மச்சாள், காத்துப் பலமாய் இருக்கு…”

“காத்து எண்டால் காத்துத்தான். ஆவெண்டு.”

சின்னப் பிள்ளைக்குப் போல என் உள்ளங்கையிலிருந்து குளிசையை எடுத்து நாக்கில் வைத்தார். பேணியை என் வாயில் பிடித்தார். விழுங்கினேன். அவர் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார், இறங்குகிறதா என்று.

பேணியில் பாதித் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அண்ணாந்து, மிச்சம் முழுவதையும் தன் வாயில் ஊற்றிக் குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்து, அதையே முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் பூசைக்கு நடந்தார்.